இரண்டு தபாலாபீசுகளுக்கு நடுவே ஒரு கல்

எங்கள் மொட்டை மாடிக்கு மேலே முப்பதடி உயரத்தில் ஒரு விண்கல் நின்றுகொண்டிருந்தது. விழவில்லை. பக்கத்தில் தபாலாபீஸ் இல்லாததுதான் காரணம்.

வானத்திலிருந்து விழுகிற கல்லுக்குப் பக்கத்துத் தபாலாபீசின் பெயரை வைப்பது பழைய வழக்கம். எங்கள் ஆசிரியர் காலனியிலும் ஒரு தபாலாபீஸ் இருந்தது. நாங்கள் யாரும் கடிதம் எழுதுவதில்லை என்பதால் மூன்று வருஷத்துக்கு முன்னால் மூடிவிட்டார்கள். தப்பு எங்களுடையதுதான். இப்போது வடக்கே ஆலமடையில் ஒன்று இருக்கிறது, தெற்கே சேர்வைக்குளத்தில் ஒன்று இருக்கிறது. எங்கள் மாடியிலிருந்து அளந்தால் இரண்டும் சரியாக ஒன்பது கிலோமீட்டர். கல் வந்தது, எந்தப் பெயரில் விழுவது என்று இரண்டு பக்கமும் பார்த்தது, முடிவுக்கு வர முடியாமல் நின்றுவிட்டது. கேட்காமல் உள்ளே வந்து கட்டிலில் காலை நீட்டுகிற என் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்களைப் பார்த்தவள் நான். கல்லைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு ஆட்டோ அளவு இருக்கும். கறுப்பு. அடிப்பாகம் மட்டும் பழகின தோசைக்கல் மாதிரி வழவழப்பு. விடிகாலையில் அதைச் சுற்றி ஒரு சின்ன மேகம் கூடி, ஏழு மணி வரை தூறிவிட்டுப் போகும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை மிச்சம். ஆட்சேபம் நிழலில்தான். சித்திரை மாசம், கூழ்வத்தல் போடுகிற நேரம். பத்து மணிக்கு வேட்டியை விரித்து வத்தலை ஊற்றினால் பதினொன்றுக்கு நிழல் வந்து அதன்மேல் உட்காரும். வேட்டியை இழுத்து வெயிலில் போட்டால் பன்னிரண்டுக்கு அங்கேயும் வரும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை குனிந்து நிமிர்ந்தால் என் முட்டி என்னத்துக்கு ஆகும்?

வீட்டுக்காரர் அருணகிரிக்கு அந்தக் கவலை இல்லை. மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் கம்பமாகப் பார்த்துவிட்டு ஓய்வுபெற்றவர். கல்லுக்கு அடியில் ஈஸிசேரைப் போட்டுப் பேப்பர் படித்தார்.

"என்னங்க, தலைக்கு மேல கல்லு நிக்குது, நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கீங்க."

"குளுகுளுன்னு இருக்கு. நீயும் வாயேன்."

வத்தல் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். ஆனால் என் மகள் இளமதிக்கு ஏழாம் மாசம் முடிந்திருந்தது. வளைகாப்புக்கு வந்தவளைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே வைத்துக்கொள்ள வேண்டியது முறை. கல் வந்ததும் சம்பந்தியம்மா அவளைத் திருப்பிக் கோவில்பட்டிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் போன் செய்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் சம்பந்தியம்மா. "வெள்ளையடிச்சாச்சா?"

"ஆச்சு."

"பாத்ரூம்ல வழுக்குற டைல்ஸை மாத்தியாச்சா?"

"அதுவும் ஆச்சு."

"அப்ப கல்லு மட்டுந்தான் பாக்கி. அது விழுந்ததும் சொல்லுங்க, மறுநாளே கொண்டாந்து விட்டுடறோம். ஆனா ஒன்பது பிறந்துட்டா வண்டியில அனுப்ப மாட்டோம். இங்கேயே பாத்துக்குவோம்."

போனை இளமதி வாங்கினாள். "அம்மா, இங்க இட்லிக்குத் தொட்டுக்கச் சீனி குடுக்கிறாங்கம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதும். கையில் ஒரு மாசம் இருந்தது.

வியாழக்கிழமை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டாக்டர் மெஹருன்னிசா வந்தாள். சூரியன், மேல்வளிமண்டலம், வானிலை, விண்கல் நாலுக்கும் சேர்த்து ஒரே நிலையம். ஆள் போதாததால் நாலையும் அவள் ஒருத்தியே பார்த்தாள். திங்களும் செவ்வாயும் மேல்வளி, புதன் வானிலை, வியாழன் விண்கல், வெள்ளி சூரியன். பையிலிருந்து தெர்மாமீட்டர், காந்தம், நூல்கண்டு எல்லாம் எடுத்தாள். நூலில் காந்தத்தைக் கட்டி மேலே எறிந்தாள். அது கல்லில் போய் ஒட்டிக்கொண்டது. "இரும்பு இருக்கு" என்று எழுதிக்கொண்டாள்.

"ஏம்மா, ஒரு கிரேனைக் கொண்டாந்து எடுத்துட்டுப் போயிரலாம்ல?"

"விழாததை எடுக்க முடியாது மேடம். எங்க படிவத்துல முதல் கட்டம் பெயர். ரெண்டாவது விழுந்த தேதி."

"நாங்களே கம்பால தள்ளிவிட்டா?"

"தள்ளிவிட்டா அது விழுந்ததா ஆகாது."

எனக்கு எரிச்சல் வந்தது. "அதுக்கு என்ன வயசும்மா இருக்கும்?"

"கிட்டத்தட்ட சூரியனோட வயசு."

"ஒரே வயசு. ஒண்ணு தினம் காலையில டாண்ணு வேலைக்கு வருது. இன்னொண்ணு என் மாடியில வந்து நிக்குது."

மெஹருன்னிசா அதையும் எழுதிக்கொண்டாள்.

வழி ஒன்றுதான். காலனியில் மறுபடி தபாலாபீஸ் திறக்க வேண்டும். நான் பாளையங்கோட்டையில் கான்வென்ட்டில் படித்தவள். விண்ணப்பம் எழுதுவதைச் சிஸ்டர் பெனடிக்டா எங்களுக்கு ஸ்கேலை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். முதல் பத்தியில் நீ யார், இரண்டாவதில் உனக்கு என்ன வேண்டும், மூன்றாவதில் நன்றி. அழுகை எந்தப் பத்தியிலும் வரக் கூடாது. அப்படியே எழுதி அனுப்பினேன். நாலாம் நாள் தபால் அதிகாரி ஞானமுத்து நேரில் வந்தார். கல்லின் நிழலில் நின்று இரண்டு டம்ளர் மோர் குடித்தார்.

"திறக்கலாம்மா. ஆனா இங்க தேவை இருக்குன்னு காட்டணும். ஒரு மாசத்துல காலனியிலேருந்து இருநூறு கடிதம் போகணும்."

"வாழ்த்து அட்டை சேருமா?"

"சேராது. கையால எழுதின கடிதம்."

"இடம்?"

"உங்க வீட்டு முன்னறை போதும். ஆளும் நீங்களே இருங்க."

ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். நின்ற இடத்திலேயே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்குப் படிவத்தை வீட்டில் வைத்துத் தூங்குகிற வழக்கம் இல்லை.

காலனியில் நாற்பத்திரண்டு வீடு. நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறினேன். வீட்டுக்கு ஐந்து கடிதம் என்று கணக்கு. எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: யாருக்கு எழுதுவது? மகனுக்கு வாட்ஸப், மகளுக்கு வீடியோ கால், செத்தவர்களுக்கு விலாசம் இல்லை. "எதிர் வீட்டுக்கு எழுதுங்க" என்றேன். "முகத்துக்கு நேரா சொல்ல முடியாதது எவ்வளவு இருக்கும்?"

அது பலித்தது. ஒரு வாரத்தில் காலனி முழுக்க எழுத ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்கு முதல் கடிதம் வடக்குப் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய் அக்காவிடமிருந்து வந்தது. நலம், நலமறிய ஆவல் எல்லாம் கிடையாது.

"தில்லைநாயகி, இளமதி பெரியவளான சடங்குக்கு என்கிட்ட இட்லிக் கொப்பரை வாங்கிட்டுப் போனியே, அது என்ன ஆச்சு? பதினாலு வருஷம் ஆச்சு. கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீதான் எழுதச் சொன்ன. இப்படிக்கு, பாக்கியம்."

உடனே உட்கார்ந்து பதில் எழுதினேன். முதல் பத்தியில் நான் யார், இரண்டாவதில் அப்படி ஒரு கொப்பரை எங்கள் வீட்டில் இல்லை, மூன்றாவதில் நன்றி.

கடிதங்களைப் பெட்டியில் போடுகிற வேலையை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். ஒரு நாள் ஆலமடை, ஒரு நாள் சேர்வைக்குளம் என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லியிருந்தேன். ஆலமடைத் தபாலாபீசுக்கு எதிரே ரசவடைக் கடை இருக்கிறது. சேர்வைக்குளத்தில் எதிரே சுடுகாடு. மனிதர் தினமும் ஆலமடைக்கே போய் வந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. பத்தாம் நாள் மத்தியானம் மாடிக்குப் போனால் வத்தல் முழுக்கக் காய்ந்து மொறுமொறுவென்று கிடந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கல் வடக்கே நகர்ந்து பாக்கியத்தாய் அக்கா வீட்டு மாடிமேல் நின்றது.

காரணம் நியாயமானதுதான். தூரம் இரண்டு பக்கமும் சமம். அப்படியானால் நாங்கள் எந்தத் தபாலாபீசோடு புழங்குகிறோம் என்றுதானே அது பார்க்கும்?

"நீங்க சேர்வைக்குளம் பக்கமே போகலையா?"

"வடை சூடா இருந்துச்சு" என்றார் அவர்.

திட்ட வாயெடுத்தேன். பிறகு மூடிக்கொண்டேன். கல் என் வீட்டின்மேல் இல்லை. கோவில்பட்டிக்குப் போன் செய்து, பாக்கி வேலையும் முடிந்தது என்று சொன்னேன்.

"எங்க விழுந்துச்சு?" என்றார் சம்பந்தியம்மா.

"விழல. அடுத்த வீட்டுக்கு நகந்துருச்சு."

"அடுத்த வீட்டுல விழுந்தாத் தெறிக்காதா? இடையில ஒரு சுவருதானே? விழட்டும், அப்புறம் பாக்கலாம்."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் பாக்கியத்தாய் அக்கா. கல்லை எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"தில்லை, கல்லு அங்கயே இருக்கட்டும். மருமக போன் பண்ணினா. கல்லு நிக்கிற வீட்டுக்கு லீவுக்கு வரமாட்டாளாம். நான் இந்த வருஷம் நிம்மதியா இருப்பேன்."

"இருக்கும்க்கா. தபாலாபீஸ் திறந்த அன்னைக்கு அது உங்க அடுப்படியில விழும். பரவாயில்லையா?"

அக்கா திரும்பித் தன் வீட்டு அடுப்படிப் பக்கம் பார்த்தாள். "மருமக அதுக்கும் வரமாட்டாதான். ஆனா அடுப்படி போயிரும்."

அவள் வீட்டுக்கு வடக்கே ஒரு காலி மனை. சொந்தக்காரர் துபாயில் இருக்கிறார்; மனையில் வேலிக்காத்தான் முள் மட்டும் இருக்கிறது. தபாலாபீஸ் திறப்பதற்குள் கல்லை அங்கே கொண்டுபோய்விட்டால் யாருக்கும் கஷ்டம் இல்லை. நானும் அக்காவும் பேசி முடித்தோம். கொப்பரையைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. அடுத்த கடிதத்தில் கேட்டிருந்தாள்.

எல்லாக் கடிதத்தையும் ஆலமடையிலேயே போடச் சொல்லி வீட்டுக்காரரை அனுப்பினேன். அவர் முகத்தில் அப்படி ஒரு கடமையுணர்ச்சியை நான் கல்யாணத்தன்றைக்கும் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாள் தவிர, கல் நாளுக்கு ஒரு அடி, அரை அடி என்று வடக்கே போனது. போகப் போக வேகம் குறைந்தது. காலனிக்காரர்களுக்குச் சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்துகொண்டே வந்தது. சண்டை போட்டு முடித்தவர்கள் வெயில் அதிகம் என்று எழுத ஆரம்பித்தார்கள். இருநூறாவது கடிதம் போன புதன்கிழமை, ஞானமுத்து போன் செய்தார். முத்திரை வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் திறப்பு. மாடிக்கு ஓடிப் பார்த்தேன். கல்லின் பின்பக்கம் இன்னும் நாலடி அக்காவின் அடுப்படிக்கு மேலேயே இருந்தது.

"தேதியைத் தள்ளி வைங்க சார்."

"முடியாதும்மா. முத்திரையில தேதி வச்சுட்டாங்க."

இளமதிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாம் மாசம் பிறக்கிறது.

வியாழக்கிழமை காலை மெஹருன்னிசா வந்தாள். எங்களையும் எழுதினவர்களையும் கேட்டுக் கேட்டு, இத்தனை நாளும் எந்தக் கடிதத்துக்குக் கல் எவ்வளவு நகர்ந்தது என்று அட்டவணை போட்டு வைத்திருந்தாள். மாடிச் சுவரில் அதை விரித்துக் காட்டினாள்.

"நலம் விசாரிச்ச கடிதத்துக்கு அசைவே இல்ல மேடம். வெயிலைப் பத்தி எழுதினதுக்கும் இல்ல. சண்டைக் கடிதத்துக்கு ரெண்டு அங்குலம். இங்க பாருங்க, பன்னெண்டாம் தேதி ஒரே கடிதத்துக்கு மூணடி."

"யாரு எழுதினது?"

"டிராயிங் மாஸ்டர். தம்பிக்கு. வரப்புக்கல்லை ராத்திரியோட ராத்திரியா நகத்தி வச்சது நான்தான்னு. அவரே சொன்னார்."

அட்டவணையில் அந்த மூன்றடியைச் சுற்றி அவள் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள்.

"ஒத்துக்கிட்டு எழுதினா இழுக்குது" என்றாள் மெஹருன்னிசா. "ஏன்னு இன்னும் தெரியல. காலனியில இன்னும் ஒரே ஒரு கடிதம் அப்படிக் கிடைச்சாப் போதும். யாருகிட்டயாவது இருக்குமா மேடம்?"

"என்னைக் கேட்டா?" என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் என்னைப் பார்த்துவிட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.

கீழே இறங்கி, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினேன். பழைய தலையணை, உடைந்த கிரைண்டர் கல், அதற்குப் பின்னால் சாக்கு. சாக்குக்குள் கொப்பரை. அலுமினியம், அடியில் பா.தா. என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியது. சடங்கு முடிந்த மறுநாளே கொடுத்திருக்கலாம். மூடி நசுங்கிப் போயிருந்தது. தட்டிச் சரிசெய்து கொடுக்கலாம் என்று வைத்தேன். மூடியைத் தட்டக் கொடுத்த பாத்திரக்கடைக்காரன் கடையைக் காலி செய்துகொண்டு மூடியோடு போய்விட்டான். அந்த வாரம் அக்கா வாசலில் வைத்து, நாலு பேர் முன்னால், "கொப்பரையக் குடுத்தியா தில்லை?" என்று கேட்டாள். "அன்னைக்கே குடுத்தாச்சே" என்று வாயில் வந்துவிட்டது. வந்ததற்கு அப்புறம் எப்படி வெளியே எடுப்பது? பதினாலு வருஷமாக அதில் ஒரு ஈடு இட்லி அவித்ததில்லை. தீபாவளிக்குத் தீபாவளி பரணைத் துடைக்கையில் அதையும் துடைத்து வைப்பேன். இதை வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

எழுதினேன். முதல் பத்தியில் நான் யார் என்று எழுத வேண்டும். அங்கேயே அரை மணி நேரம் ஆனது. இரண்டாவதில், கொப்பரை என்னிடம்தான் இருக்கிறது, எப்போதும் என்னிடம்தான் இருந்தது, நாலு பேர் முன்னால் பொய் சொன்னேன். மூன்றாவதில் நன்றி. அழுகையை எந்தப் பத்தியிலும் விடவில்லை; காகிதத்தில் விழுந்த ஒரு சொட்டை மட்டும் ஒற்றி எடுத்தேன்.

"என்ன எழுதின?" என்றார் வீட்டுக்காரர், உறையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு. "சொவர் தாண்டினா அவங்க வீடு. கையில குடுத்தா என்ன?"

"கையில குடுத்தாத் தபால் ஆகாது. போயிட்டு வாங்க. வடை எனக்கும் ரெண்டு."

பதினொன்றரை மணிக்குக் கல் அசைந்தது. அந்த நேரத்துக்குத்தான் உறையைப் பெட்டியில் போட்டதாக அவர் பிறகு சொன்னார். நகர்ந்ததும் அப்படி இப்படி இல்லை. சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து தள்ளுகிற மாதிரி ஒரே தள்ளு. மெஹருன்னிசா நூலைப் பிடித்து அளந்தாள்.

"அஞ்சரை அடி. இதுவரைக்கும் இதுதான் மேடம் அதிகம்."

"யார் எழுதினதுன்னு எழுத வேண்டாம்" என்றேன்.

"அட்டவணையில அந்தக் கட்டமே இல்ல" என்றாள். நல்ல பெண்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தபால்காரர் வந்தார். பத்தே காலுக்குப் பாக்கியத்தாய் அக்கா வந்தாள். கையில் கடிதம். நான் கொப்பரையைப் புளி போட்டுத் தேய்த்து வாசலிலேயே வைத்திருந்தேன். அவள் அதைத் தூக்கினாள், கவிழ்த்துப் பெயரைப் பார்த்தாள், உள்ளே கையை விட்டுத் துழாவினாள்.

"மூடி எங்கட்டி?" என்றாள்.

"அதுக்குத் தனியாக் கடிதம் எழுதுறேன்க்கா."

"எழுது" என்று சொல்லிவிட்டு, கொப்பரையை இடுப்பில் வைத்துக்கொண்டு, திறப்புவிழாவுக்கு வந்த நாற்காலிகளில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஞானமுத்து முன்னறையில் மேசையைப் போட்டு முத்திரையை வெளியே எடுத்தார். அதில் தில்லைநாயகி என்று இருந்தது.

"இது என் பேரு சார்."

"ஆமாம்மா. படிவத்துல முதல் கட்டத்துல எழுதிக் குடுத்தீங்களே."

"முதல் கட்டம்னா விண்ணப்பிக்கிறவங்க பேரு. சிஸ்டர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"அது தபாலாபீசோட பேரும்மா. விண்ணப்பிக்கிறவங்க பேரு ஏழாவது கட்டம். அங்க நீங்க ஆசிரியர் காலனின்னு எழுதியிருந்தீங்க."

பன்னிரண்டு அடித்துக்கொண்டிருந்தது. இளமதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. "குத்துங்க" என்றேன்.

அவர் முத்திரையை மையில் ஒற்றி வெள்ளைத் தாளில் ஓங்கிக் குத்தினார். வடக்கே காலி மனையில், லாரியிலிருந்து அரிசி மூட்டையை இறக்கின மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வேலிக்காத்தான் புழுதி கொஞ்சம் உள்ளே வந்தது. அக்காவின் அடுப்படியில் ஒரு கரண்டிகூட விழவில்லை. எல்லோரும் எழுந்து பார்க்கப் போனார்கள். மெஹருன்னிசா மட்டும் கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை சூரியனின் முறை. அடுத்த வியாழன் வந்து எடை போட்டாள். உலக விண்கல் பட்டியலில் இப்போது தில்லைநாயகி, நாலு டன் என்று இருக்கிறது.

"சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார் வீட்டுக்காரர். ஒரு வாரம் அவருக்கு ரசவடை இல்லை.

சம்பந்தியம்மா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். சனிக்கிழமையே இளமதியைக் கொண்டுவந்து விட்டார். கல்லை ஒரு சுற்று சுற்றிவந்து, கையால் தட்டிப் பார்த்து, "கெட்டியா விழுந்திருக்கு" என்று திருப்திப்பட்டார். போகும்போது இரண்டு கிலோ கூழ்வத்தல் கட்டிக் கொடுத்தேன். இளமதிக்கு அன்று ராத்திரி இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். கொப்பரையை அக்காவிடம் இரவல் வாங்கினேன். அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தபாலாபீஸ் நன்றாக நடக்கிறது. குழந்தை பிறந்து பதினாறு நாள் ஆகிறது. பெண், மூன்றே கால் கிலோ. பெயர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. சம்பந்தியம்மா அவருடைய அம்மா பெயர் என்கிறார், என் வீட்டுக்காரர் அவருடைய அம்மா பெயர் என்கிறார், இருவரும் தினம் ஒரு கடிதம் எழுதிக்கொள்கிறார்கள், நான்தான் முத்திரை குத்துகிறேன். அதுவரை குழந்தை தொட்டிலுக்கு ஒரு சாண் மேலேயே நிற்கிறது. பால் கொடுக்க இளமதிக்குக் குனிய வேண்டியதில்லை. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனை ஒன்றில் வைத்திருக்கிறேன்.